கல்வெட்டுச் சேகரிக்கும் சேவை வேலை: வீட்டில் ஒருவரின் கையொப்பம் போதுமா?

சுன்னாகத்து மாணவி எழுதியது

வணக்கம். நான் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் பாடநெறியின்படி ஓர் அரையாண்டுக்குள் 60 மணித்தியாலங்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேவை செய்து அறிக்கை ஒப்படைக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்களில் பலர் முதியோர் இல்லத்தையும் சிறுவர்களுக்கான மாலை வகுப்பையும் தெரிந்தெடுத்தார்கள். நான் பழைய அச்சுப் பிரசுரங்களைத் தேடி எடுத்து, ஸ்கான் செய்து, இணையத்தில் வைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். அதன் பெயரை எழுத விரும்பவில்லை. அங்கிருப்பவர்கள் பாதி வேலையைச் சம்பளமில்லாமலே செய்பவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

எனக்குத் தரப்பட்ட வேலை வீடு வீடாகச் சென்று கல்வெட்டுகளைச் சேகரிப்பது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: யாழ்ப்பாணத்தில் நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டிய சாசனத்தை மட்டுமல்ல. ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற சடங்குகள் முடிந்து, மதியம் சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற நினைவுப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்ச விருட்சம், நன்றி நவிலல் என்று பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும்.

சென்ற மாதம் அளவெட்டியில் ஒரு வீட்டுக்குப் போனேன். எண்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இளைய மகனின் குடும்பத்துடன் அங்கே இருக்கிறார். மகன் தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில், படியில் நின்றபடியே அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா றங்குப் பெட்டியைத் திறந்து, வேப்பிலைச் சருகுகளைத் தட்டிவிட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளை விறாந்தைச் சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். இவர் இன்னாருக்கு இன்ன முறை, இவர் வீட்டில்தான் முதலில் வானொலிப் பெட்டி வந்தது, இவர் கடைசிவரை மகளுடன் கதைக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தபடியால் இரண்டரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. ஒன்றை மட்டும் அவர் அடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். நான் விடைபெறுகிற நேரத்தில் அதையும் நீட்டி, “கவனமாய்ப் பார் பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

அது அவருடைய மாமனாரின் கல்வெட்டு. வம்ச விருட்சப் பக்கத்தில், பேரப்பிள்ளைகளின் வரிசையில், ஒரு பெயரின் மேல் நீல மையால் நாலைந்து தடவை அழுத்திக் கோடிழுக்கப்பட்டிருக்கிறது. தாளில் அந்தப் பெயரை வாசிக்க முடியாது. ஆனால் வண்ணத்தில் ஸ்கான் செய்து திரையில் பெரிதாக்கியபோது, நீல மை ஒரு பக்கமும் கறுப்பு அச்சு மறுபக்கமுமாகப் பிரிந்து, பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அது ஒரு பெண்பிள்ளையின் பெயர். எனக்கு மற்றவர் வீட்டு அலுமாரியைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

பொறுப்பாளரிடம் கேட்டேன். கையொப்பம் இருக்கிறது, அச்சில் உள்ளதைப் பாதுகாப்பதுதான் எங்கள் கடமை, எல்லாவற்றையும் ஏற்றலாம் என்றார். மகன் போட்ட கையொப்பம் அந்த அம்மாவுக்கும் சேர்த்துச் செல்லுமா? கல்வெட்டில் இன்று உயிருடன் இருப்பவர்களின் பெயர், ஊர், வாழ்க்கைத்துணையின் பெயர், வெளிநாட்டு இருப்பிடம் எல்லாம் இருக்கின்றனவே, அவற்றையும் அப்படியே இணையத்தில் வைக்கலாமா? இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: அங்கே சேவை நேரத்தை ஸ்கான் செய்த பக்கங்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். விறாந்தையில் இருந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு எனக்குக் கிடைத்தது பூச்சியம். இதை எப்படி எடுத்துச் சொல்வது?

சிறு சந்தேகம் ஒன்றும் உண்டு. அந்தக் கல்வெட்டின் அட்டையில் ஆண்டு அச்சாகவில்லை. உள்ளே வெண்பாவில் துன்மதி வருடம் என்றும் தை மாதம் அபரபக்கத்து (தேய்பிறை) ஏகாதசி என்றும் இருக்கிறது. நிறுவனத்துப் பதிவில் 1981 என்று போட்டிருக்கிறார்கள். சரிதானா?

பழைய தொண்டர்

தங்கச்சி, ஆறு வருடம் இதே வகை வேலையில் இருந்து வெளியே வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பொறுப்பாளர் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்பது ஒன்று, வெளியிடுவது இன்னொன்று. கறையானும் இராமபாணப் பூச்சியும் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே கொடுத்தவருக்குச் சம்மதமென்றால் இன்றைக்கே முழுப் புத்தகத்தையும், கோடிழுத்த பக்கம் உட்பட, உள்ளது உள்ளபடி ஸ்கான் செய்து மூலப்படியாக வையுங்கள். அந்தப் படியில் ஒரு புள்ளியையும் அழிக்கக்கூடாது. இணையத்தில் வைக்கும் படி அதிலிருந்து எடுத்த இன்னொன்று. அதில் எந்தப் பக்கத்தை விடுவது, எத்தனை ஆண்டு பொறுத்து வெளியிடுவது என்பதெல்லாம் வீட்டுக்காரரோடு இருந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை.

நாங்கள் முதலில் வைத்திருந்த படிவத்திலும் ஒரேயொரு கையொப்பக் கோடுதான் இருந்தது. பிறகு அதை மாற்றினோம். முழுவதையும் வெளியிடச் சம்மதமா, வம்ச விருட்சத்தைத் தவிர்த்து வெளியிடச் சம்மதமா, இப்போதைக்குப் பாதுகாத்தால் போதுமா, பின்னர் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு, வாசித்துக் காட்டி, அதன் பிறகே பேனையைக் கொடுப்போம். புத்தகம் யாருடைய பெட்டியில் இருந்ததோ அவருடைய கையொப்பம்தான் முதலில் வேண்டும். பெட்டி அம்மாவுடையது, கையொப்பம் மகனுடையது என்றால் அந்தப் படிவம் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. படியில் நின்று போட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சட்டப்படி பார்த்தாலும் கவனம் வேண்டும். புலம்பலையும் வெண்பாவையும் பாடிய புலவரின் பெயர் சில கல்வெட்டுகளில் இருக்கும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாடியவர் காலமாகி 70 ஆண்டுகள்வரை உரிமை அவர் வழிவந்தவர்களுடையது. உயிருடன் இருப்பவர்களின் விபரங்களைப் பொறுத்தவரை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறுவனம் ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டு, தனது நடைமுறையை எழுதி வைப்பது நல்லது. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே தலையை உடைக்க வேண்டியதில்லை.

வேலை நுட்பத்தில் ஒன்று, யாரும் சொல்லித்தராமல் நான் கெடுத்துப் படித்தது. நடுவில் கம்பி அடித்த கல்வெட்டில் துருப்பிடித்த கம்பியை இழுக்கவேண்டாம், தாளோடு கிழிந்து வரும். பின்பக்கத்தில் மடிந்த இரண்டு நுனிகளையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திய பிறகு முன்பக்கத்தால் எடுங்கள். பிரித்த தாள்களின் ஒழுங்கு மாறினால் பதறவும் வேண்டாம். 32 பக்கப் புத்தகமென்றால் 1, 2, 31, 32 ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கும். 3, 4, 29, 30 அடுத்த தாளில். ஒரு தாளிலுள்ள முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கூட்டினால் எப்போதும் 33 வரும். 5 ஆம் பக்கம் இல்லையென்றால் 28 உம் இருக்காது என்று தேடாமலே சொல்லிவிடலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பிள்ளை, முதலில் உமது சிறு சந்தேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது சிறிய சந்தேகம் அல்ல. நீர் வெண்பா என்று குறிப்பிட்டது திதி வெண்பா. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதியில் வருவதில்லை, மாதமும் பக்கமும் திதியும் பார்த்தே வருகிறது. ஆகையால் பிள்ளைகள் மறவாதிருக்கும்படி இறந்த வருடம், மாதம், பூர்வபக்கமோ அபரபக்கமோ, திதி இன்னது என்று நான்கு அடிக்குள் கட்டி வைத்தார்கள். துன்மதி வருடம் 1981 சித்திரையில் பிறந்து 1982 பங்குனியோடு முடிந்தது. தை மாதம் அதன் பிற்பகுதியில் வருவது. ஆகவே அவர் காலமானது 1982 சனவரியில், பூரணை கழிந்து பதினோராம் திதியில். புத்தகம் 31 ஆம் நாளுக்கு அச்சானது என்பதால் பிரசுர ஆண்டும் 1982 தான். வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. 1922 தை மாதமும் துன்மதியில்தான் விழுந்தது. அப்படிச் சந்தேகம் வருமிடத்தில் உள்ளே இருக்கும் பேரப்பிள்ளைகளின் வயதையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். தை, மாசி, பங்குனி மாதத்துக் கல்வெட்டுகள் எல்லாவற்றையும் உங்கள் பதிவில் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். ஒரே பிழை பல இடத்தில் இருக்கும்.

இனி அனுமதி விடயம். இங்கே நான் மேலே எழுதிய தம்பியோடு முழுதாக உடன்படவில்லை. கல்வெட்டு யாருக்காக அச்சடிக்கப்பட்டது? ஊருக்காக. வந்தவர் போனவர் எல்லோருடைய கையிலும் வலிந்து கொடுத்த புத்தகத்தை இப்போது அந்தரங்கம் என்று பூட்டி வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையிலான நூல்களும் ஏடுகளும் போயின. அதிலிருந்து எட்டரை மாதத்தில் அச்சான புத்தகம் நீர் கையில் வைத்திருப்பது. பிறகு 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில், வலிகாமமே ஓரிரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அரிசியையும் நகையையும் விட்டுவிட்டுக் கல்வெட்டைச் சுமந்தவர் அதிகம் இருக்கமாட்டார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது றங்குப் பெட்டி இருந்த வீடு அதிட்டமுள்ள வீடு. நானும் 1991, 1992 காலத்தில், பொருளாதாரத் தடையின்போது, பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான கல்வெட்டுகளைக் கையில் வைத்திருந்தேன். பத்திரிகைகளும் அப்போது அந்தத் தாளில்தான் வந்தன. இன்று ஒன்றும் என்னிடம் இல்லை. ஆகவே அனுமதி அனுமதி என்று இழுத்தடித்து, அம்மா கண்மூடிய பிறகு பெட்டியை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

ஆனால் அந்த நீலக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது அச்சகத்தில் விழுந்த கோடு அல்லவே. அச்சானதும் ஊருக்குக் கொடுத்ததும் கோடில்லாத புத்தகம். கோடு அந்த வீட்டுக்குள் மட்டும் நடந்தது. அதே கல்வெட்டின் வேறொரு பிரதி அயலில் எங்காவது கிடைக்கும், தேடிப் பாரும். அதை வெளியிட்டால், ஏற்கெனவே ஊருக்குச் சொன்னதையே நீர் மறுபடி ஊருக்குச் சொன்னவர் ஆவீர்.

கனடா, ஸ்காபரோவிலிருந்து

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முந்நூறு பேர் வந்த பந்தலுக்குள் கொடுத்த புத்தகமும், உலகத்தில் யார் பெயரைத் தட்டினாலும் தேடுபொறி கொண்டுவந்து நீட்டுகிற பக்கமும் ஒன்றல்ல. பந்தலுக்கு வந்தவர்கள் எங்களைத் தெரிந்தவர்கள். எதை வாசித்துவிட்டு எதைப் பேசாமல் விடவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் உறவினர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், என் பாட்டனாரின் கல்வெட்டைப் பக்கம் பக்கமாக முகநூலில் போட்டார். பார்த்ததும் அழுகை வந்தது. பாட்டனாரின் தாயின் பெயரை நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. இங்கே வங்கியில் அடையாளம் உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்விகளில் ஒன்று தாயின் கன்னிப் பெயர். எங்கள் வழக்கப்படி தாயின் கல்யாணத்துக்கு முந்திய பெயர் என்பது அவருடைய தகப்பன் பெயரோடு சேர்ந்தது. இன்னொரு கேள்வி பிறந்த ஊர். வம்ச விருட்சத்தில் இவ்விரண்டும், எங்கள் ஏழு பேருக்கும், ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. அன்று இரவே உட்கார்ந்து வங்கிக் கேள்விகளை மாற்றினேன். தங்கையைத் தொலைபேசியில் எழுப்பி அவளையும் மாற்ற வைத்தேன்.

இதனால் கல்வெட்டுகள் இணையத்தில் வரவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் எங்கள் ஊர்ப் பிரசுரங்களைத் தேடித் தேடி வாசிக்கிறவன் நான். அங்கே நினைவு மலர்களும் இருக்கின்றன. உயிருடன் இருக்கும் தலைமுறையின் வரிகளை மட்டும் சில காலம் பொறுத்து வெளியிட்டால் யாருக்கு என்ன நட்டம்? வாழ்க்கைக் குறிப்பும் புலம்பலும் வெண்பாவும் இன்றே வரட்டும்.

நெறியாளர் ஒருவர்

மாணவர்களைச் சேவைக்கு அனுப்பி அறிக்கை வாசிப்பதே என் தொழிலாக இருப்பதால் மணித்தியாலக் கணக்குக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தை எண்ணுவது நிறுவனத்துக்கு இலகு, ஏனெனில் நிதி கொடுக்கிறவர்கள் பக்கங்களைத்தான் கேட்கிறார்கள். ஆனால் உங்கள் பாடநெறி கேட்டது மணித்தியாலம், பக்கம் அல்ல. ஆகவே ஒரு கொப்பியில் போன திகதி, வீட்டுக்குள் போன நேரம், வெளிவந்த நேரம், யாருடன் பேசினீர்கள், எந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதி, வாரம் ஒருமுறை பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். அவர் மறுத்தால் அதையும் எழுதி வைத்துவிட்டு உங்கள் விரிவுரையாளரிடம் காட்டுங்கள். அந்த அம்மா சொன்ன “இன்னாருக்கு இன்ன முறை” என்பதெல்லாம் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை, உங்கள் கொப்பியில் மட்டும்தான் இருக்கும். நிறுவனத்திடம் இதைச் சொல்லும்போது முறைப்பாடாகச் சொல்லாமல், அந்தக் குறிப்புகளை ஒவ்வொரு கல்வெட்டின் பதிவோடும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது கல்வெட்டுக்கு நாற்பது குறிப்பு என்றால் அவர்களும் எண்ணக்கூடிய ஒன்றாகிவிடும். கொஞ்சம் தந்திரம்தான், பரவாயில்லை.

சுன்னாகத்து மாணவி எழுதியது

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

முதலில், ஐயா சொன்னபடி தை, மாசி, பங்குனிக் கல்வெட்டுகளைச் சரிபார்த்தோம். அறுபத்திரண்டில் பதினொன்றுக்கு, பதிவில் இருந்ததற்கு அடுத்த ஆண்டுதான் சரி என்று தெரிந்தது. பொறுப்பாளர் தாமே இருந்து திருத்தினார். அந்த உற்சாகத்தோடேயே கொப்பியைக் காட்டினேன், கையொப்பமிட்டார். இப்போது குறிப்புகளையும் பதிவில் சேர்க்கிறோம். படிவம் இன்னும் மாறவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கோடில்லாத பிரதி மல்லாகத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. அதை உடனே ஏற்றிவிடலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். ஐயா எழுதியதை நினைத்து எனக்கும் ஒருகணம் அது சரியென்றே பட்டது. ஆனாலும் ஸ்காபரோ அண்ணா எழுதியது மனதில் நின்றபடியால், அந்தப் பக்கத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் அளவெட்டிக்குச் சைக்கிளில் போனேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிசையில் மேலிருந்து கீழே நகர்த்தி, அந்தப் பெயரில் நிறுத்தினார். அது அவருடைய மூத்த மகள். கோடிழுத்தது காலமாகிவிட்ட அவருடைய கணவர். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “அவர் வெட்டினவர் பிள்ளை, நான் வெட்டேல்லை” என்றார். நாற்பத்துச் சொச்ச வருடம் அந்தப் புத்தகத்தை வேப்பிலைக்குள் வைத்துப் பாதுகாத்தது அவர்தான்.

புதிய படிவம் ஒன்றைப் பழைய தொண்டர் அண்ணா எழுதியபடி நானே கையால் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். வாழ்க்கைக் குறிப்புக்கும் புலம்பலுக்கும் வெண்பாவுக்கும் சம்மதம் என்று சொல்லி, கை நடுக்கத்தோடு தன் பெயரைத் தானே எழுதினார். வம்ச விருட்சத்துக்கு வந்தபோது பேனையைத் திருப்பித் தந்தார். அது மகளிடம் கேட்டுச் செய்யவேண்டியது என்றார். மகள் நோர்வேயில் இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டது மட்டும்தான், தொலைபேசி இலக்கம் வீட்டில் ஒருவரிடமும் இல்லை. பிரதி தந்த மல்லாகத்து அக்காவுக்கு அந்த மகளுடைய சிநேகிதி ஒருவரைத் தெரியுமாம். அதைப் பின்தொடர்வது சேவை நேரத்தில் சேருமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, கொப்பியில் எழுது என்றார்.

படியெடுத்த பக்கத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. அம்மா அதை நான்காக மடிக்காமல், பழைய கல்வெட்டுக்குள் அந்தப் பக்கத்தின் மேலேயே நேராக வைத்து, பெட்டியை மூடினார்.